கருமணலும் இரண்டு விளக்குகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்
(புதுக்கடை)

எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் கருமணலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் உண்டு. அது கோடி கோடியாய்க் கொட்டிக் கிடக்கும் செல்வம் என்பது ஒரு கட்சி. அது நோயைக் கொண்டுவரும் நஞ்சு என்பது மற்றொரு கட்சி. புதுக்கடைச் சந்திப்பில் தேநீர் குடித்துக்கொண்டே இவ்விரு கட்சிகளின் வாதத்தையும் ஒரே மாலையில் கேட்கலாம். ஆனால் அந்த மணலில் இருப்பது என்ன, அது எங்கெல்லாம் போகிறது, என்னவாகிறது என்று எடுத்துச் சொல்வோரைக் காண்பது அரிது.

வேதியியல் மாணவன் ஒருவனுக்கு இதில் ஒரு கடமை உண்டு என்று எண்ணுகிறேன். நம் கடற்கரை மணலில் உள்ள உலோகக் குடும்பம் ஒன்று இன்று மருத்துவமனைகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் உயிரணுக்களின் உள்ளே எரியும் விளக்காகப் பயன்படுகிறது. அந்த விளக்கு எப்படி எரிகிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குமுன் அதே மணலில் பிறந்த பழைய விளக்கு ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதல் விளக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் பொடிந்து, ஆறுகளின் வழியே கடலுக்கு வந்தன. கடலலை அவற்றைச் சலித்தது. முறத்தில் அரிசி புடைக்கும்போது பதர் பறந்து மணி நிற்பதுபோல, இலேசான மணல் அடித்துச் செல்லப்பட, கனமான கனிமங்கள் கரையில் தங்கின. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவை அவற்றுட் சில. இவற்றோடு சிறு பங்காகக் கலந்திருக்கும் மஞ்சள் கலந்த பழுப்பு நிற மணியே மோனசைட்.

இது நம் கரையில் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. எங்கள் பகுதியில் கயிறு திரிப்பது பழைய தொழில். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் கவனித்தார். அந்த மணலின் ஊரைத் தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. ஆண்டு 1909. கயிறு திரித்த நம் முன்னோர்கள் உதறிவிட்ட மணலை, கயிற்றை வாங்கிய ஒருவர் உதறாமல் ஆராய்ந்தார். அவ்வளவுதான் வேறுபாடு!

அவர் தேடியது மோனசைட்டில் உள்ள தோரியத்தை. அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களிலும் வீடுகளிலும் வாயு விளக்குகள் எரிந்தன. அவ்விளக்கின் சுடரைச் சுற்றி ஒரு சிறு வலை கட்டியிருக்கும். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த அந்த வலை, சுடரின் சூட்டில் வெண்ணிறமாய்ப் பிரகாசிக்கும். ஆவர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1891-இல் இந்தக் கலவையைக் கண்டார். நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் முன்பு தலைச்சுமையாய் வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேன்டில்' இதே வலைதான். ஆக, கருமணலின் முதல் விளக்கு தெருவுக்கு வெளிச்சம் தந்தது.

மின்விளக்கு வந்தது, வாயு விளக்கு அணைந்தது. தோரியம் அணுசக்தித் துறையின் கவனத்துக்குரிய பொருளாயிற்று. 1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் தோன்றியது. 1952-இல் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்கீழ் மோனசைட் அரசின் கட்டுப்பாட்டுக்குரிய பொருளாக வைக்கப்பட்டது. மக்கள் ஐ.ஆர்.இ. கம்பெனி என்று சொல்லும் மணவாளக்குறிச்சி ஆலையைப் பற்றி நம் மாவட்டத்தில் அறியாதார் இல்லை.

நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 9 விழுக்காடு. கதிர்வீச்சு என்று நாம் அஞ்சுவது முதன்மையாக இதிலிருந்தும் இதன் வழித்தோன்றல்களிலிருந்தும் வருவதே. ஆனால் அதே மணியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வேறு பொருள்கள். சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவை மிகுதியாகவும், கடோலினியம், யூரோப்பியம், டெர்பியம் ஆகியவை மிகச் சிறிய அளவிலும் அதில் உள்ளன. தனிம வரிசை அட்டவணையின் அடியில் தனியே ஒரு வரிசையாய் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த லாந்தனைடு குடும்பம்தான் இது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோகும் வரிசை.

மாமியின் இரண்டு கேள்விகள்

இந்த வரிசையை என்னால் மறக்க முடியாமற் செய்தவர் என் மாமி, அதாவது என் தந்தையின் தமக்கை. அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு உடைத்தே காலம் கழித்தவர். சென்ற ஆண்டு அவருக்கு ஓயாத தலைவலியும் மயக்கமும் வரவே, எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே மருத்துவமனைக்குப் போகும்போது சீட்டுப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் என்னைத்தான் அழைத்துச் செல்வார்கள். கேள்விகளும் என்னிடம்தான் வரும்.

முதலில் சாதாரணப் படம், பிறகு ஓர் ஊசி போட்டு மறுபடியும் படம் என்றார்கள். ஊசி போடுமுன் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மாமி என்னைப் பார்த்தார்.

"தலையில வலிக்கதுக்கு கிட்னிக்கு எதுக்கு மக்களே டெஸ்டு?"

"அந்த ஊசி மருந்து கிட்னி வழியாத்தான் வெளிய போகும் மாமி. அதுக்குத்தான்."

"அப்படி என்ன மருந்து அது?"

ஒப்புதல் படிவத்தில் பெயர் அச்சிட்டிருந்தது. கடோலினியம் என்ற உலோகம் என்றேன். எங்கே கிடைக்கும் என்றார். நம் மணவாளக்குறிச்சிக் கருமண்ணில் உள்ள வகைதான் என்றேன். மாமியின் முகம் மாறிவிட்டது.

"அந்த மண்ணு இருந்தா கேன்சர் வருமுண்ணுல்லா சொல்லுவினும்! அதத்தானா எனக்க உடம்புல குத்தணும்?"

அந்த உலோகத்தில் தோரியம்போன்ற கதிர்வீச்சு இல்லை, அதை வேறொன்றில் பூட்டி வைத்துத்தான் ஊசியில் தருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். மாமி ஊசிக்குச் சம்மதித்தார். படத்தில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்றும் தெரிந்தது. ஆயினும், எதில் பூட்டி வைக்கிறார்கள், பூட்டு எவ்வளவு உறுதியானது, பூட்டிய உலோகம் உள்ளே போய் என்ன செய்கிறது என்ற கேள்விகள் என்னை விடவில்லை. நூலகத்தில் தேடியும், எங்கள் துறை ஆசிரியர்களைத் தொந்தரவு செய்தும் நான் அறிந்துகொண்டதை இனிச் சொல்கிறேன்.

உயிரணு என்னும் இருட்டறை

நம் உடலின் உயிரணுக்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டிய அளவினவை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அவை கண்ணாடித் துண்டுபோலத் தோன்றும். உள்ளே ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறுகள் ஓடியாடி வேலை செய்கின்றன. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் போன இரவில் நிறைந்த சந்தைக்குள் நுழைந்து ஒரே ஓர் ஆளைத் தேடுவதுபோன்ற வேலை இது.

தேடும் ஆளின் கையில் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டால் எளிதல்லவா? அந்த விளக்கைத்தான் விஞ்ஞானிகள் உருவாக்குகிறார்கள். நாம் தேடும் மூலக்கூறைக் கண்டதும் ஒட்டிக்கொண்டோ, அதனால் மாற்றமடைந்தோ, 'இதோ இருக்கிறது' என்று வெளியில் இருப்பவருக்குச் சைகை காட்டும் சிறு வேதிப்பொருள் அது. அதை உணர்பொருள் என்று சொல்லலாம். கரிமச் சாயங்களால் ஆன உணர்பொருள்கள் நிறைய உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது உலோகத்தை நெஞ்சில் வைத்திருக்கும் உணர்பொருள்களை.

அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். தேடும் மூலக்கூறை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். தெளிவான சைகை காட்ட வேண்டும். உயிரணுவுக்குத் தீங்கு செய்யக்கூடாது. உலோகங்கள் இரண்டாவதில் கெட்டிக்காரர்கள், மூன்றாவதில் பொல்லாதவர்கள். ஆகவேதான் அவற்றுக்கு ஒரு பூட்டுத் தேவைப்படுகிறது.

நண்டின் கொடுக்கு

அந்தப் பூட்டைத் தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தின் அலமாரியிலேயே அது இருக்கிறது. நீரின் கடினத்தன்மையைக் காணும் தரம்பார்த்தலை நினைத்துப் பாருங்கள். கூம்புக் குடுவையில் கிணற்று நீரை எடுத்து, அம்மோனியாத் தாங்கல் கரைசல் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டால் ஒயின் சிவப்பு நிறம் வருகிறது. பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சிவப்பு மறைந்து நீலம் பளிச்சிடுகிறது. அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

அந்த ஒரு சொட்டில் நடந்தது என்ன? நிறங்காட்டி, மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவரை சிவப்பாய் இருந்தது. இ.டி.டி.ஏ. வந்து அதன் பிடியிலிருந்து உலோகத்தைப் பறித்துக்கொண்டதும் நிறங்காட்டி தன் சொந்த நீலத்துக்குத் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத உலோக அயனி இருக்கிறதா இல்லையா என்பதை நிறம் நமக்குச் சொல்லிவிட்டது. உயிரணுவுக்குள் செய்யும் வேலையும் அடிப்படையில் இதுவே. குடுவை மட்டும் சிறியது!

இ.டி.டி.ஏ. மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என்று ஆறு பிடிகள் உண்டு. ஆறு பக்கமும் வளைத்து உலோகத்தை நடுவில் வைத்து இறுக்கிக்கொள்ளும். இத்தகைய பிணைப்புக்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920-இல் ஆங்கிலத்தில் இப்பெயரைப் படைத்தார்கள். நண்டுக் கொடுக்கின் பிடி எப்படிப்பட்டது என்பதைத் தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்பதாவது இருக்கை

இனிக் கடோலினியத்துக்கு வருவோம். இதன் அயனியில் ஏழு எலக்ட்ரான்கள் துணையின்றித் தனித்தனியே நிற்கின்றன. ஆதலால் இது வலிமையான ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்கிறது. எம்.ஆர்.ஐ. கருவி நம் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் கொண்டு படம் வரைகிறது. ரேடியோ அலையால் தூண்டப்பட்ட அந்த அணுக்கருக்கள் மீண்டும் பழைய நிலைக்கு வரச் சிறிது நேரம் ஆகும். அருகில் கடோலினியம் இருந்தால் அவை விரைவாகத் திரும்பிவிடும். அந்த இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியும்.

ஆனால் வெறும் கடோலினியம் அயனி நஞ்சு. பருமனில் அது கால்சியம் அயனியை ஒத்திருக்கிறது. நரம்பிலும் தசையிலும் கால்சியம் நுழைய வேண்டிய வாயில்களில் இது வந்து அடைத்துக்கொள்ளும். எனவே இ.டி.டி.ஏ.யின் அண்ணன் என்று சொல்லத்தக்க டி.டி.பி.ஏ. என்ற மூலக்கூறில் இதைப் பூட்டினார்கள். அதற்கு எட்டுப் பிடிகள். கடோலினியத்தைச் சுற்றி இருக்கைகள் ஒன்பது. எட்டில் கொடுக்கு அமர்ந்துகொள்ள, ஒன்பதாவது இருக்கை நீருக்காகக் காலியாய் விடப்படுகிறது. ஒரு நீர் மூலக்கூறு வந்து அமரும்; எழுந்து போகும்; இன்னொன்று வரும். ஒரு நொடிக்குள் பல இலட்சம் முறை இந்த ஏறி இறங்கல் நடக்கிறது. உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு நீரும் காந்தத்தின் தாக்கத்தைச் சுமந்து செல்கிறது. ஓர் இருக்கையை வைத்துக்கொண்டு சுற்றுப்புறம் முழுவதற்கும் சேதி சொல்லும் இந்தத் தந்திரம் வியப்புக்குரியது. ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனம் உருவாக்கிய இந்த மருந்து 1988-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது.

மாமியின் முதல் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. பூட்டிய கடோலினியத்தைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வடித்து வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டவரின் உடலில் அது நாட்கணக்கில் தங்கும். நெடுநேரம் தங்கினால் கொடுக்கு மெல்ல நழுவும், உலோகம் வெளிப்படும். தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் கொடிய நோய் ஒன்று 1997 முதல் சிறுநீரக நோயாளிகளிடம் காணப்பட்டது. அதற்கும் இந்த ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006-இல்தான் வெளிவந்தது. அதன்பின்னரே சிறுநீரகத்தைச் சோதித்து ஊசி போடும் வழக்கம் உறுதிப்பட்டது. கயிறுபோல் நீண்ட கொடுக்குகளைவிட வளையமாய் மூடிய கொடுக்குகள் உலோகத்தை விடாமல் பிடிக்கும். ஆதலால் 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை நீண்ட வகை மருந்துகள் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. 'தலைவலிக்கு எதற்குச் சிறுநீரகச் சோதனை?' என்ற கேள்வியின் பின்னால் எத்தனை நோயாளிகளின் துன்பம் இருக்கிறது, பாருங்கள்!

சாதாரண ஊசி மருந்து இடத்தைக் காட்டுமே தவிர மூலக்கூறை அடையாளம் காட்டாது. அதையும் செய்யவைத்தவர் அமெரிக்காவின் தாமஸ் மீட். அவரும் அவருடைய குழுவினரும் கடோலினியத்தின் காலி இருக்கையின்மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை மூடிபோலப் பொருத்தினார்கள். மூடி இருக்கும்வரை நீர் நெருங்க முடியாது; படம் மங்கலாகவே இருக்கும். அந்தச் சர்க்கரையை வெட்டும் நொதி உள்ள உயிரணுவில் மட்டும் மூடி கழன்றுவிடும். நீர் உள்ளே வரும், படம் வெளுக்கும். 2000-ஆம் ஆண்டில் தவளையின் கருவில் இதைச் செய்து காட்டினார்கள். குறிப்பிட்ட நொதி எந்த உயிரணுக்களில் வேலை செய்கிறது என்பது, உயிருள்ள கருவை அறுக்காமலே தெரிந்தது. பூட்டு, இருக்கை, மூடி. இவ்வளவு எளிய கருத்துகளால் எவ்வளவு பெரிய காரியம்!

காத்திருந்து காணும் ஒளி

தனிம வரிசையில் கடோலினியத்துக்கு முந்திய வீட்டில் இருப்பது யூரோப்பியம். பிந்திய வீட்டில் டெர்பியம். யூரோப்பியம் சிவப்பாகவும் டெர்பியம் பச்சையாகவும் ஒளிரும். பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியின் சிவப்பு யூரோப்பியம் தந்தது. ஆயினும் இவ்விரு உலோகங்களும் தாமாக வெளிச்சத்தை உறிஞ்சுவதில் மிகச் சோம்பேறிகள். ஒளியை வாங்கிக் கொடுக்க ஒரு கரிம மூலக்கூறு பக்கத்தில் இருந்தால் அதனிடமிருந்து பெற்றுக்கொண்டு பிரகாசமாய் ஒளிரும். இதனை 1942-இல் வைஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் கண்டார். வீட்டுக்கூரையில் ஏரியல் கட்டியது போன்ற ஏற்பாடு இது.

இங்கே ஒரு வேடிக்கை. கடோலினியத்துக்கு நீர் வேண்டும். யூரோப்பியத்துக்கோ நீர் ஆகாது. அருகில் வந்து அமரும் நீர் மூலக்கூறு அதன் ஒளிச் சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே யூரோப்பியத்தின் ஒன்பது இருக்கைகளையும் கூடியவரை கொடுக்கே நிரப்பிவிட வேண்டும். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், குணத்தில் எதிரெதிர். ஒருவருக்குத் தைத்த சட்டை மற்றவருக்குப் பொருந்தாது.

யூரோப்பியத்தின் பெருமை அதன் பொறுமையில் இருக்கிறது. உயிரணுக்களின்மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் அவற்றிலுள்ள பல பொருள்கள் தாமே ஒளிர்ந்து தேடும் விளக்கை மறைத்துவிடும். ஆனால் அந்த ஒளி ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில் அணைந்துவிடும். யூரோப்பியமோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை ஒட்டிய நேரம்வரை நின்று ஒளிரும். எனவே ஒளியைப் பாய்ச்சிவிட்டுச் சற்றே காத்திருந்து பிறகு பார்க்க வேண்டும். வாணவேடிக்கை முடிந்தபின் குத்துவிளக்கின் சுடர் தெரிவதுபோல யூரோப்பியத்தின் ஒளி மட்டும் தனித்துத் தெரியும்.

1980-களில் பின்லாந்து நாட்டில் இந்தத் தத்துவத்தை வைத்து இரத்தச் சோதனை முறை ஒன்றை உருவாக்கினார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று இது சொல்லும். ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தின்மேல் யூரோப்பியத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். பின்னர் அதன் ஒளியை அளக்கிறார்கள். பிறவியிலேயே தைராய்டு குறைவுள்ள குழந்தைக்கு உடனே மருந்து கொடுத்தால் மற்றக் குழந்தைகளைப்போல் வளரும். காலந்தாழ்ந்தால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும். ஒரு குழந்தையின் எதிர்காலம் அந்தச் சிவப்பு ஒளியின் அளவில் இருக்கிறது என்றால் மிகையாகாது.

தொட்டால் ஒளிரும் உலோகம்

லாந்தனைடு குடும்பத்துக்கு வெளியே ருத்தீனியத்தைப் பற்றியும் ஒரு சொல். 1990-இல் அமெரிக்காவின் ஜாக்குலின் பார்ட்டனும் பிரான்சின் சோவாஜும் மற்றும் சிலரும் சேர்ந்து ஒரு ருத்தீனியச் சேர்மத்தை அறிவித்தார்கள். நீரில் அது ஒளிராது. டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே அதன் தட்டையான கை நுழைந்தவுடன் ஒளிரத் தொடங்கும். படிகளுக்கிடையே ஒளிந்துகொண்டதும் நீரின் தொல்லை நீங்கிவிடுகிறதல்லவா! சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டதுபோல், டி.என்.ஏ. இருக்குமிடத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. சோவாஜ் வேறொரு பணிக்காக 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

இது அயல்நாட்டார்க்கே உரிய கலை என்று எண்ண வேண்டாம். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவர், தாமிரம், ருத்தீனியம் முதலிய உலோகச் சேர்மங்கள் டி.என்.ஏ.வுடன் எப்படி இணைகின்றன என்று நெடுங்காலம் ஆராய்ந்தார். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அங்கோனா தத்தாவின் குழு, உயிருள்ள அணுக்களில் உலோக அயனிகளையும் சேதி கடத்தும் கொழுப்பு மூலக்கூறுகளையும் காட்டும் உணர்பொருள்களை உருவாக்கி வருகிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் நம் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது.

கணக்குக் கேட்போம்

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கட்சிகளுக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டில் எங்கள் கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டபோது மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அன்று முதல் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. வேதியியல் படிக்கும் நமக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது?

செல்வம் என்பாரிடம் முதலில் கணக்குக் கேட்கலாம். எம்.ஆர்.ஐ. ஊசியின் வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிமோல். கடோலினியத்தின் அணு எடை 157.25. பெருக்கிப் பார்த்தால் ஒரு கிராமுக்கும் குறைவு! யூரோப்பியச் சோதனைக்கு வேண்டியதோ அதனினும் எத்தனையோ மடங்கு குறைவு. ஆகவே, நோயாளிகளுக்காக மணலைத் தோண்டுகிறோம் என்று யாரேனும் சொன்னால் அது கணக்குக்கு ஒவ்வாது. உலகில் அருமண் உலோகங்களின் பெரும் தேவை காந்தங்களுக்கும் பிற தொழில்களுக்குமே. அந்தத் தேவை நியாயமானதா, அதற்காக ஒரு கடற்கரையையும் அதன் மீனவர் வாழ்வையும் பணயம் வைக்கலாமா என்பது வேறு விவாதம். அதை மருந்தின் பெயரால் மூடக்கூடாது.

நஞ்சு என்பாரிடமும் கணக்குக் கேட்கலாம். தோரியத்தின் அரை வாழ்நாள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். மணலில் கதிர்வீச்சு உண்டென்பது உண்மை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே மோனசைட் மிகுதி. அங்கு வாழும் மக்களை நெடுங்காலம் கண்காணித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சின் காரணமாகப் புற்றுநோய் கூடியிருப்பதாகத் தெரியவில்லை. இது, கரையில் கிடக்கும் மணலோடு வாழ்பவர்களைப் பற்றிய முடிவு. மணலைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் இடத்தில் எழும் தூசைப் பற்றியோ, கரை அரிப்பைப் பற்றியோ அந்த ஆய்வு பேசவில்லை. ஒரு விடையைக் கொண்டுபோய் வேறொரு கேள்விக்குப் பொருத்துவது இரண்டு கட்சியாரும் செய்கிற காரியம்.

வேதியியல் எனக்குச் சொல்லித் தந்தது இதுதான். உலோகம் தன்னளவில் மருந்துமன்று, நஞ்சுமன்று. எந்தக் கொடுக்கில் பூட்டியிருக்கிறது, எத்தனை கிராம், எவ்வளவு நேரம் உடலில் தங்குகிறது, யாருடைய உடல் என்று கேட்ட பிறகே விடை சொல்ல முடியும். இந்த நான்கு கேள்விகளையும் கேட்காமற் போனதால் சில நோயாளிகள் துன்புற்றதையும், கேட்டதால் பலர் காப்பாற்றப்பட்டதையும் கடோலினியத்தின் வரலாறே காட்டுகிறது.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் முதன்முதலாய்க் கல்லூரியைக் கண்ட வீடுகளிலிருந்து வருகிறோம். நம் வீட்டாரின் கேள்விகள் பாடப் புத்தகத்தின் பயிற்சி வினாக்களைப்போல் ஒழுங்காய் இருப்பதில்லை. ஆனால் அவற்றில் உயிர் இருக்கிறது. அண்டி ஆபீசிலும் இரப்பர்த் தோட்டத்திலும் கடலிலும் உழைத்து நம்மை அனுப்பியவர்கள் கேட்கும்போது, புரியாத பெயர்களைச் சொல்லி வாயடைக்காமல், தமிழில் விளங்கச் சொல்லும் பயிற்சியை நாம் பெற வேண்டும். நம் துறையின் வேதியியல் மன்றக் கூட்டங்களில் மாதம் ஒரு முறையேனும் இத்தகைய வீட்டுக் கேள்வி ஒன்றை எடுத்து விவாதிக்கலாம் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் கரையிலிருந்து மணல் போய்க்கொண்டிருக்கிறது; விளக்குகள் வேறெங்கோ உருவாகி விலையோடு திரும்பி வருகின்றன. கயிற்றில் ஒட்டிய மணலை உதறிவிடாமல் ஆராய ஒரு ஜெர்மானியர் வேண்டியிருந்தார். அடுத்த முறை தரம்பார்த்தலில் சிவப்பு நீலமாக மாறும் அந்தச் சொட்டை, அளவைக் குறிக்குமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உயிரணுவுக்குள் எரியும் விளக்கின் தத்துவம் அந்தக் குடுவையிலேயே இருக்கிறது. அடுத்த விளக்கைச் செய்வோர் நம் வகுப்பிலிருந்தும் வரட்டும்!